கொடுக்கவே சுடும் பலகாரம்

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து கிலோ மாவுக்கு முறுக்கு பிழிகிறார்கள். அது முடிந்ததும் நெய் உருண்டை, அதற்குப் பிறகு அச்சுமுறுக்கு, ஓமப்பொடி. அந்த நாலு பேரில் அப்பாவுக்கு இனிப்பு நீர். மூத்தவனுக்கு முறுக்கில் அவ்வளவாக ஆசையில்லை. ஆனாலும் அளவைக் குறைக்க அந்த வீட்டு அம்மாவுக்கு மனம் வருவதில்லை. சுங்கை வேயில் தீபாவளி நெருங்கும்போது தமிழர் வீட்டு அடுப்படிகளில் இந்தக் கணக்குத்தான் நடக்கிறது. வீட்டார் தின்பது கொஞ்சம். மற்றதற்கெல்லாம் மாவு பிசையும் முன்பே பெயர் எழுதியாகிவிட்டது. மேல் மாடி மலாய்க்கார அக்கா, பலசரக்குக் கடைச் சீனர், மகளின் வகுப்பாசிரியை, தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் தோழி, கேட்டில் நிற்கும் நேப்பாளக் காவலாளி, போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிப்போன எதிர் வீட்டு அங்கிள்.

இந்தப் பெயர்ப் பட்டியல்தான் மாவின் அளவைத் தீர்மானிக்கிறது. தனக்கு மட்டும் என்றால் ஒரு பாக்கெட் முறுக்கைக் கடையில் வாங்கிப் பிரித்துவிட்டுப் போகலாம். கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் முறுக்குக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுப் பலகாரம் இன்னும் பிழைத்திருப்பதற்கு ஒரே காரணம், அது பிறருக்குக் கொடுக்கச் சுடுவது என்பதுதான். இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

சுங்கை வே எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் அந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு நீளம் என்பது புரியும். கூட்டரசு நெடுஞ்சாலையையும் போர்ட் கிள்ளான் ரயில் பாதையையும் ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர், அவசரகாலத்தில் சீனர்களைக் குடியமர்த்த எழுந்த புதுக்கிராமங்களில் ஒன்று. இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ செத்தியா. பெயர் மாறியும் பழைய ஆட்கள் வாயில் சுங்கை வேதான். 1965இல் இங்கே மதுபான ஆலை வந்தது. 1970களில் தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது, அதோடு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு நிலமாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறின. கிளானா ஜெயாவில் சீபோர்ட் என்ற தோட்டத்தின் பெயரை இன்று தாங்கி நிற்பது ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பால் வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். லயத்து வரிசையில் இரு பக்கமும் தமிழர்களே இருந்த நிலை போய், சுவரின் ஒரு பக்கம் மலாய்க்காரர், மறுபக்கம் சீனர் என்ற வாழ்க்கை தொடங்கியது. பலகாரத் தட்டு போய்ச்சேர வேண்டிய வாசல்களும் பெருகின.

தோட்டத்தில் பலகாரம் சுடுவது லயத்தின் வேலை. தீபாவளிக்கு முன்பணம் வாங்கி, அரிசியும் உளுந்தும் எடுத்து, இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று முறை வைத்துக்கொண்டு பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, அனுபவக்காரி எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரமாட்டாள். அந்தக் கைகளின் கூட்டம்தான் பிளாட் வீட்டில் கிடைக்காமல் போன பொருள். உரலும் அச்சும் லாரியில் ஏறி வந்துவிட்டன. கூட உட்கார்ந்து பிழியும் ஆள் வரவில்லை.

சரி, முறுக்குக்கு வருவோம். அதைப் பற்றிப் பேச எனக்கு அலுக்காது.

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். இங்கேதான் நம் வானம் குறுக்கே வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வருஷத்தில் மழை வலுக்கும் மாதங்களில் அக்டோபரும் நவம்பரும் சேர்த்தி. தீபாவளி வருவதும் அதே மாதங்களில்தான். காலையில் வெயில் சுள்ளென்று இருக்கும், மூன்று மணிக்கு இடி இறங்கும். அரிசியை வாசலில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போக முடியாது. காற்றிலேயே ஈரம் ஊறியிருக்கும் ஊர் இது. அதனால் பலர் மில் மாவையும் கடை மாவையும் இலேசாக வறுத்துச் சலித்துக்கொள்கிறார்கள். நிறம் மாறக்கூடாது, விரலால் கோடு போட்டால் மாவு பொலபொலவென்று பிரிய வேண்டும்.

நாலு பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. உளுந்து பொன்னிறத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிச் சிவந்தால் முறுக்கு எண்ணெயில் வேகும் முன்பே கருக்கும். உளுந்து குறைந்தால் கடித்த இடத்தில் பல் வலிக்கும், கூடினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். ஓமம், எள், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் வெண்ணெய் அல்லது பிளான்டா மார்ஜரின். பிசைவதற்கு வெறும் தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலில் பிசைந்த முறுக்கு வாயில் போட்டதும் கரைந்துபோகும். மலேசியத் தமிழர் வீட்டு முறுக்கை மற்ற முறுக்குகளுக்கு நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன் என்றால் அது அந்தப் பாலின் ருசியால்தான்.

“மாவு கையில ஒட்டவும் கூடாது, கையை விட்டு ஓடவும் கூடாதுப்பா” என்று சுங்கை வேயில் ஒரு பெரியம்மா எனக்குச் சொன்னார். அளவுக் கரண்டி எதையும் அவர் தொடவில்லை. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு துளி மாவைப் போட்டார். அது அடியில் போய் உட்காராமல், கருகாமல், நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. பிறகு கரண்டியின் முதுகில் பிழிந்த வட்டங்களை ஒவ்வொன்றாக நழுவவிட்டார். “எண்ணெய் பேசுறவரைக்கும் காத்திரு. பேச்ச நிறுத்தினா எடுத்திரு.” மாவில் உள்ள ஈரம் ஆவியாகிக் குமிழாக வெளியேறும்வரைதான் அந்தச் சலசலப்பு. அது அடங்கினால் உள்ளே ஈரம் தீர்ந்தது என்று பொருள். அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் மறுநாளே முறுக்கு நமுத்துப்போகும். தெர்மாமீட்டர் இல்லாத அடுப்படியில் காதுதான் கருவி.

சுட்ட முறுக்கை முழுதாக ஆறவிட்ட பிறகுதான் டின்னில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அந்தக் காலத்தில் மைலோ டின்னும் பெரிய பிஸ்கட் டின்னும். இப்போது சிவப்பு மூடி போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் புட்டிகள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே புட்டிகள்தான் கடை வாசலில் அடுக்கி நிற்கும். மூன்று பெருநாளுக்கும் ஒரே புட்டி என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

புட்டி மட்டுமா ஒன்று? அச்சுமுறுக்கைப் பாருங்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. நீண்ட கம்பியின் நுனியில் பூ வடிவப் பித்தளை அச்சு. அதை முதலில் எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிவிட்டால் பூ அச்சைப் பிடித்துக்கொண்டு இறங்காது. சரியாக முக்கியிருந்தால் எண்ணெயில் இலேசாக ஆட்டியதும் தானே கழன்று மிதக்கும். இதே பூவை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்லிப் பெருநாளுக்குச் சுடுகிறார்கள். சீனர் வீடுகளில் தேன்கூட்டு பிஸ்கட் என்று சொல்லிப் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். ஆக, தட்டில் அச்சுமுறுக்கை வைத்து எதிர் வீட்டுக்கு நீட்டும்போது அவர்களுக்கு அது புதுப் பண்டம் இல்லை. “எங்க அம்மாவும் சுடுவாங்க” என்று பேச்சு தொடங்க அது போதும். எங்கள் வீட்டு அச்சு ஒரு புத்தாண்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் இரவல் போய், நன்றாக எண்ணெய் பழகி, இன்னும் சுலபமாகப் பூ இறக்கும் அச்சாகத் திரும்பி வந்தது.

நெய் உருண்டைக்குப் பொறுமையைவிட வேகம் வேண்டும். பாசிப்பயற்றை வாசம் வரும்வரை வறுத்து அரைத்து, பொடித்த சீனியும் ஏலமும் சேர்த்து, வறுத்த முந்திரியைப் போட்டுக் கலந்துவைக்கிறோம். ஒரு கிலோ பயற்று மாவுக்கு முக்கால் கிலோ சீனி, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய நெய். நெய்யைக் கொதிக்கக் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடு கையில் சுரீரென்று ஏறும்போதே பிடித்துவிட வேண்டும். ஆறினால் மாவு உதிரும். பெரிய பாத்திரத்தில் மொத்த நெய்யையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து உருண்டை பிடிக்க நினைப்பவர் பாதியில் தோற்பார். குறைந்தது மூன்று ஜோடிக் கை வேண்டும். ஆகவே நெய் உருண்டை பிடிக்கும் மாலையில் கணவர், பிள்ளைகள், வேலை முடிந்து வந்த தங்கச்சி எல்லாரும் பாத்திரத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். முறுக்கு உரலை அழுத்தத் தெம்பு வேண்டும் என்று ஆண்களை அழைப்பதும் உண்டு. அப்படி உட்கார்ந்த ஆண், மறு ஆண்டு எண்ணெய்ச் சட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். இந்த வேலையின் பாரம் இன்றைக்கும் பெண்கள் முதுகில்தான் இறங்குகிறது. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்றுவிட்டு வந்து, இரவு பத்து மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்ணிடம் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டில் வாணிப அளவில் முதன்முதலாகச் செம்பனை நட்டார்கள். பின்னாளில் நாடெங்கும் செம்பனைக் குலையை வெட்டியும் சுமந்தும் பிழைத்தவர்களில் நம்மவர் ஏராளம். அந்தச் செம்பனை எண்ணெயில்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முறுக்கு சுடுகிறார்கள். அரசாங்க உதவித்தொகை உள்ள ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. பலகார காலத்தில் அந்த பாக்கெட் எந்தக் கடையில் இருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பறக்கும். நெய், முந்திரி விலைக்கு எந்த உதவித்தொகையும் இல்லை. குடும்பச் செலவில் தீபாவளிப் பலகாரம் சிறு தொகை இல்லை. அந்தத் தொகையை இவர்கள் கொடுப்பதற்காகச் செலவழிக்கிறார்கள்.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் சாமிக்கும் இறந்துபோன பெரியவர்களுக்கும் படையல். படைக்கும் முன் டின்னில் கை வைத்தால் பிள்ளைக்கு அடி விழும். பிறகு தட்டுகள் கிளம்பும். முறுக்கு ஐந்து, நெய் உருண்டை நாலு, அச்சுமுறுக்கு மூன்று, மேலே ஒரு துணியோ தாளோ. தட்டைக் கொண்டுபோவது பிள்ளைகள் வேலை. செருப்பைக் கழற்றி, “அம்மா குடுத்துவிட்டாங்க” என்று எந்த மொழியில் சொல்ல வேண்டுமோ அந்த மொழியில் சொல்லப் பழகுவது அப்போதுதான். அந்தத் தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி. நோன்புப் பெருநாளுக்கு அதே வீட்டிலிருந்து கெத்துபாட்டும் பாவுலுவும் வரும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் குவே காப்பிட்டும் வரும்.

மலாய்க்கார அண்டை வீட்டார் சாப்பிடலாமா என்ற கேள்வியை நம் அம்மாக்கள் அவர்களைக் கேட்கவைக்காமலே தீர்த்து வைத்தார்கள். பலகாரச் சட்டியில் இறைச்சி ஏறாது, பல வீடுகளில் அந்தச் சட்டி வருஷத்தில் மற்ற நாளெல்லாம் தாள் சுற்றி மேல் அலமாரியில் இருக்கும். அரிசி, பயறு, நெய், தேங்காய், சீனி. இதில் தயங்க ஒன்றுமில்லை. 2005இல் நவம்பர் 1ஆம் தேதி தீபாவளி, 3ஆம் தேதி நோன்புப் பெருநாள். அடுத்த ஆண்டு அக்டோபர் 21இல் தீபாவளி, 24இல் பெருநாள். தீபா ராயா என்று நாடே சொல்லிக் கொண்டாடிய ஆண்டுகள் அவை. நம் தீபாவளியன்று அவர்கள் நோன்பில் இருந்தார்கள். அதனால் தட்டுகள் காலையில் போகாமல் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து மாலையில் போயின. இந்த மாதிரி கவனம் எந்தச் சுற்றறிக்கையாலும் வருவதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2001 மார்ச்சில், சுங்கை வேக்குப் பக்கத்திலேயே, பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வன்முறை மூண்டு ஆறு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஒரு வீட்டில் கல்யாணம், அருகில் இன்னொரு வீட்டில் சாவு. அங்கே எழுந்த தகராறு தீயாகப் பரவியது. நெருக்கியடித்த புறம்போக்கு வீடுகளும் வறுமையும் வேலையின்மையும் ஏற்கெனவே விறகு அடுக்கி வைத்திருந்தன. அதை அணைக்க நல்ல வீடும் நல்ல பள்ளியும் நேர்மையான போலீசும் வேண்டும். பலகாரத் தட்டு அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு முறையாவது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவனுக்கு அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். வதந்தி வரும் இரவில் அந்த அறிமுகம் ஒரு கதவையாவது திறந்து வைக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியின் பல குடும்பங்கள் இன்று அடுக்குமாடி பிளாட்டுகளில் இருக்கின்றன. அங்கே மின்தூக்கி பழுதாகிக் கிடக்கும் நாளிலும் தட்டோடு மாடி ஏறும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

2020இல் அந்த வாசல்களும் மூடின. நவம்பர் 14, சனிக்கிழமை தீபாவளி. சிலாங்கூரும் கோலாலம்பூரும் நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் இருந்தன. திறந்த இல்ல உபசரிப்பு இல்லை, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவும் அனுமதி இல்லை. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் பலர் முறுக்கு சுட்டார்கள். பைகளில் போட்டு இரும்புக் கேட்டில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று போன் செய்தார்கள். விருந்தாளி வருகிறார் என்பதற்காக மட்டும் இந்தப் பலகாரம் சுடப்படவில்லை என்பதை அந்த வருஷம் எல்லாருக்கும் காட்டியது.

அந்தக் காலத்தில்தான் ஆர்டர் எடுத்து விற்பதும் பெருகியது. வேலை இழந்த பெண்கள் வீட்டிலிருந்தே நெய் உருண்டை புட்டிகளை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். நேரமில்லாதவர்கள் அவர்களிடம் வாங்கிக் கொடுப்பது குறையே இல்லை. அந்தப் பணம் கிள்ளானிலோ பூச்சோங்கிலோ ஒரு தமிழ்ப் பெண்ணின் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டையாகிறது. பேரங்காடியில் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி விற்கும் பாக்கெட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு பலகாரமாவது உங்கள் வீட்டில் சுடுங்கள். கைப்பழக்கம் ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் திரும்பி வராது. எண்ணெயின் பேச்சைக் காதால் கேட்டுக் கற்றுக்கொள்ள யாராவது சட்டியின் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். அன்பின் பேரில் வற்புறுத்தி ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். இனிப்பு நீர் உள்ள தாத்தாவின் வீட்டுக்கு நெய் உருண்டை ஒன்றிரண்டும், மீதிக்கு முறுக்கோ ஓமப்பொடியோ போகட்டும். உருண்டையைச் சிறிதாகப் பிடித்தால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. பெரிய பெரிய புட்டியாகப் பத்து வீட்டுக்குக் கொடுப்பதைவிடச் சிறு பொட்டலம் இருபது வீட்டுக்குப் போவது எனக்கு உகந்ததாகப் படுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, குறிப்பாகக் கல்யாணமாகிப் பிளாட்டில் தனியாக இருக்கும் இளம் ஜோடிகளுக்கு: முதலில் முறுக்கு, ஏனென்றால் அது இரண்டு மூன்று வாரம் தாங்கும். அடுத்து நெய் உருண்டை. அச்சுமுறுக்கை தீபாவளிக்கு நெருங்கிச் சுடுங்கள், அது சட்டென்று நொறுங்கும், சட்டென்று நமுக்கும். கேசரியை அன்று காலையில் கிண்டினால் போதும். ஐந்து கிலோ எல்லாம் வேண்டாம், அரைக் கிலோ மாவில் ஆரம்பியுங்கள். அம்மாவையோ மாமியாரையோ வீடியோவில் அழைத்துச் சட்டியைக் காட்டுங்கள், போனைச் சற்று எட்டவே வையுங்கள், எண்ணெய் தெறிக்கும். முதல் ஈடு உடையும். உடைந்ததை நீங்கள் இருவரும் தின்னுங்கள். முழுசாக வந்ததை எடுத்துவைத்து, பெயர் தெரியாத எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.